நூற்று நாற்பத்திரண்டாவது ஆள்

என் அத்தைக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளைப் பிடிக்காதவர்கள் எல்லாரும் சண்டை முற்றினால் கடைசியில் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இரு பக்கமும் கார் நிறுத்திய சந்தில் பன்னிரண்டு டன் வண்டியைக் கண்ணாடி உரசாமல் திருப்பி எடுப்பாள். இரண்டு சக்கரத்தின்மேல் ஏறச் சொன்னால் மட்டும், "எனக்கு எதுக்குப்பா வம்பு" என்று நகர்ந்துகொள்வாள்.

ஆனால் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச்செடுத்தால் டிப்போ ஓய்வறையில் டீ ஆறிப்போகும். எந்த அணி இந்த வருடம் எந்தச் சக்கரத்துக்கு மாறியது, மலை ஏறுகிறவனுக்கு எத்தனை பல் சக்கரம் வேண்டும், மழையில் டயரில் எவ்வளவு காற்றைக் குறைக்க வேண்டும், எல்லாம் விரல் நுனியில். அங்கே அவளுக்குப் பெயரே "ரேஸ் அக்கா". ஒரு முறை கடையில் பந்தய சைக்கிளைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். ஏழு கிலோகூட இல்லையாம். "என் ஹேண்ட்பேக் இதவிட கனம். இதுமேல உக்காந்துகிட்டு மணிக்கு எண்பதுல இறங்கறான்னா, அவன் அம்மா எப்படித் தூங்குவா?" என்று கடைக்காரரைக் கேட்டாளாம். விற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

இந்தப் பைத்தியம் பிடித்தது ஆஸ்பத்திரியில். பதினான்கு வருடத்துக்கு முன்னால் மாமாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. மாமா சோஃபா தைக்கிறவர். ஊரில் பாதிப் பேரை உட்கார வைத்த மனிதருக்கு மூன்று வாரம் உட்கார முடியவில்லை. வார்டில் ஒரு டி.வி. இருந்தது. அதன் ரிமோட்டை யாரோ வீட்டுக்குப் போகும்போது துணியோடு சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் ஒரே சேனல். அதில் மூன்று வாரமும் சைக்கிள் பந்தயம்.

முதல் வாரம் அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் மதியம், "எல்லாரும் முன்னாடி போறப்போ இவன் மட்டும் ஏன் பின்னாடி போறான்?" என்று கேட்டாள். அணியின் காருக்குப் பக்கத்தில் ஒருவன் பின்தங்கி வந்து, சட்டைக்குள் முன்னும் பின்னும் எட்டுப் பாட்டில் திணித்துக்கொண்டு, கூன் விழுந்தவனைப் போல் மறுபடி கூட்டத்தைத் துரத்திப் பிடித்தான். பாட்டில்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். அடுத்த மேட்டில் மூச்சு முட்டிக் கழன்று போனான். பக்கத்துக் கட்டில்காரர் விளக்கினார்: ஒரு அணியில் எட்டுப் பேர், ஜெயிக்கப் போவது ஒருவர், மற்ற ஏழு பேரும் அவருக்குக் காற்றை மறைக்க, தண்ணீர் சுமக்க, அவசரமென்றால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்க வந்தவர்கள். அதோடு முடியவில்லை. ஜெயித்தவனுக்குப் பின்னால் குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்தத் தண்ணீர்க்காரனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அத்தை அங்கேயே கட்சி கட்டிவிட்டாள். "ஜெயிக்கிறவனைப் பார்க்க ஊரே இருக்கு. நான் இவங்களைப் பார்க்கறேன்."

"யாரோ மிதிக்கிறான், உனக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்றார் மாமா, குப்புறப் படுத்தபடி.

"நீங்க பேசாம தலையணையைப் பாருங்க."

அன்றிலிருந்து அவள் பார்க்கும் விதம் தனி. எண்ணுவாள். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அது தொழில்புத்தி. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லிவிடுவாள். பந்தயத்திலும் காலையில் கிளம்பியது எத்தனை பேர், வழியில் விலகியது எத்தனை பேர், வந்து சேர்ந்தது எத்தனை பேர் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. முதல் ஆள் வந்ததும் மற்றவர்கள் டி.வி.யை அணைப்பார்கள். அத்தைக்கு அப்போதுதான் நகம் கடிக்கிற கட்டம் ஆரம்பமாகும்.

வருடத்துக்கு ஒரு முறை, வசந்தத்தில், ஒரு வாரப் பந்தயம் ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போகும். அன்றைக்கு அத்தை விடுமுறை எடுத்து, மடக்கு நாற்காலியோடு மலைச்சாலையில் உட்கார்ந்திருப்பாள். போன வருடம் விடுமுறை கிடைக்கவில்லை. சாலை அடைப்பினால் வண்டிகளைச் சுற்றிவிட வேண்டும், எல்லா டிரைவரும் வேண்டும் என்று டிப்போ கன்ட்ரோலர் கையை விரித்துவிட்டார். அத்தை வாதாடவில்லை. ஒன்பதாம் வழித்தடம் ஓட்ட வேண்டிய டிரைவரிடம் போய் அன்றைய டூட்டியை மாற்றிக்கொண்டாள். ஒன்பதாம் நம்பர் வண்டி, பந்தயம் கடக்கும் நேரத்தில் சரியாக மலையடிச் சந்திப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும். வேலைக்கு வேலை, பார்வைக்குப் பார்வை.

இதை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அவள் பணயம் வைத்தது பத்தொன்பது வருடச் சீனியாரிட்டி. அவர்கள் டிப்போவில் ஆண்டுக்கு ஒரு நாள் வழித்தடம் பிரிப்பார்கள். சுவரில் எல்லா வழித்தடச் சீட்டும் தொங்கும். சீனியாரிட்டிப் பட்டியலில் மேலே இருப்பவர் முதலில் எடுப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மிஞ்சுவது உடைந்த ஷிஃப்ட்: விடிவதற்கு முன் நான்கு மணி நேரம், நடுவில் வெட்டியாக ஆறு மணி நேரம், சாயங்காலம் மறுபடி நான்கு. அதில் பல வருடம் கிடந்து எழுந்து, அந்த வருடம்தான் அத்தை பட்டியலில் மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தாள். பகல் வேலை, ஞாயிறு விடுமுறை, மாமாவோடு ஒன்றாகச் சாப்பாடு, எல்லாம் அந்த மூன்றில் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை ஒன்று வந்தால் பட்டியலில் அடிமட்டத்துக்குப் போக வேண்டும். அதுதான் விதி.

அன்று மதியம் ஒன்பதாம் நம்பர் வண்டி ரயில் பாலத்தடியில் முதலாவதாக நின்றது. பின்னால் லாரி, கார், இன்னும் இரண்டு பேருந்து. பாலத்தடியில் ஒரு பேருந்து நின்றால் அதைத் தாண்டி ஒரு பூனைதான் போகலாம். எதிரே மலைச்சாலை. வீரர்கள் அதில் இறங்கி வந்து, சந்திப்பில் திரும்பி, ஏரிக்கரை வழியாக முடிவுக் கோட்டுக்குப் போக வேண்டும். சாலை திறந்ததும் அத்தை அதே மலைச்சாலையில் ஏற வேண்டும். சந்திப்புக்கு நூறு மீட்டர் மேலே கடைசி வளைவு. உட்பக்கம் ஆளுயரக் கல்சுவர். மேலிருந்து வருகிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாது, கீழிருப்பவனுக்கு மேலே வருவது தெரியாது.

இன்ஜினை அணைத்துவிட்டு அத்தை சின்ன ரேடியோவைப் போட்டாள். காலையில் கிளம்பியவர்கள் நூற்று நாற்பத்தேழு, விலகியவர்கள் ஐந்து. அப்படியானால் நூற்று நாற்பத்திரண்டு பேர் வர வேண்டும்.

வந்தார்கள். முதலில் ஆறு பேர். பிறகு பெருங்கூட்டம். வளைவில் ஒருவர் பின் ஒருவராக நூல் போல் நீண்டு இறங்கியதால் எண்ண முடிந்தது. பிறகு சிதறிய கும்பல்கள். மலை ஏற முடியாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும் கடைசிக் கும்பலில் இருபத்துமூன்று பேர். அதற்குப் பின் தனியாக இருவர். நூற்று நாற்பத்தொன்று. அப்புறம் யாருமில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் நாற்காலியை மடக்கினார்கள். கூரையில் உதிரி சைக்கிள் கட்டிய வேன் ஒன்று இறங்கிப் போனது. சந்திப்பில் நின்ற இளம் போக்குவரத்துக் காவலர் தடுப்பை ஓரமாக இழுத்துவிட்டு, அத்தையைப் பார்த்துக் கையசைத்தார்.

அத்தை அசையவில்லை. காவலர் ஜன்னலுக்கு வந்தார்.

"வண்டிய எடுங்கம்மா. முடிஞ்சிருச்சு."

"முடியல தம்பி. துடைப்ப வண்டி இன்னும் வரல."

"என்ன வண்டி?"

"கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு வேன் வரும். முதுகுல துடைப்பம் கட்டியிருக்கும். அது போனாத்தான் பந்தயம் போச்சுன்னு அர்த்தம்."

"துடைப்பமா?" காவலர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "காலையிலேருந்து வெயில்ல நிக்கறேன். நீங்களும் விளையாடாதீங்க. இப்பப் போச்சே, அதான் கடைசி வேன்."

"அதுல இருந்தது சைக்கிள். துடைப்பம் இல்ல. ஒரு ஆளும் குறையுது."

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். அதைப் பார்த்து மற்றவர்களும் அமுக்கினார்கள். பாலத்தடியில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தலை வலிக்கிறது. பேருந்துக்குள் கன்னம் வீங்கிய ஒருவர் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். கன்னத்தைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"என்னம்மா, போலீஸே போகச் சொல்லியாச்சு. யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்?"

"ஒரு ஆள் வரணும் சார்."

"ஒருத்தனுக்காக இத்தனை பேரா?"

"உங்க வாயில எத்தனை பல்லு இருக்கு?"

அவர் யோசித்தார். "இருபத்தெட்டு."

"ஒண்ணு வலிக்குதுன்னுதானே போறீங்க? உக்காருங்க."

பேருந்தில் யாரோ சிரித்தார்கள். பல்வலிக்காரரும் சிரிக்கப் பார்த்து, வலி பிடுங்க, உட்கார்ந்துவிட்டார்.

வண்டியின் வயர்லெஸ்ஸில் கன்ட்ரோலரின் குரல் வந்தது. "ஒன்பது, ஒன்பது. ஏன் நிக்குது? ரோடு திறந்தாச்சுன்னு சொல்றாங்க."

"தப்பாத் திறந்துட்டாங்க சார். மேல ஒருத்தன் இருக்கான். இப்ப ஏறினா வளைவுல நேருக்கு நேர்."

"அதை முடிவு பண்ண நீங்க யாரு?"

"ஸ்டியரிங்ல இருக்கறவ சார்."

காவலர் நோட்டை எடுத்து வண்டி நம்பரை எழுதினார். "இப்ப எடுக்கலைன்னா ரிப்போர்ட் போகும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"எழுதிக்குங்க தம்பி. பக்கத்துல நேரத்தையும் போட்டுக்குங்க."

சொல்லிவிட்டு சாவியைக் கழற்றினாள். யாராவது கையை விட்டுத் திருகிவிடக் கூடாது என்று அதைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் தனக்கே சந்தேகம் வந்தது என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள். பெருங்கூட்டத்தில் ஒருவன் இன்னொருவன் தோளுக்குப் பின்னால் மறைந்து போயிருக்கலாம். துடைப்ப வண்டி வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். அத்தனை ஹாரனும் சேர்ந்து நீ தப்பு, நீ தப்பு என்றால், சரியாக எண்ணியவளும் மறுபடி விரல் விட்டு எண்ணிப் பார்ப்பாள். "ஆனா பாரு," என்றாள், "நான் தப்பா எண்ணியிருந்தா எல்லாருக்கும் கால் மணி நேரம் போகும். சரியா எண்ணிட்டு வண்டிய எடுத்திருந்தேன்னா? அதை நினைச்சதும் சந்தேகம் நின்னுபோச்சு. அப்புறம் கோபம்தான்."

பதினோரு நிமிடம் அப்படியே இருந்தாள். பதினொன்றாவது நிமிடத்தில் லாரிக்காரன் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான், சண்டைக்கு. அப்போது மேலே ஒரு ரீங்காரம் கேட்டது. மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்கும்போது பந்தய சைக்கிளின் பின்சக்கரம் வண்டு போல் இரையும். கல்சுவரைச் சீவிக்கொண்டு, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துச் சாய்ந்து, ஒருவன் வெளியே வந்தான். பேருந்து போயிருக்க வேண்டிய பக்கத்தில்தான் வந்தான். இடது தோளிலிருந்து முழங்கால் வரை சட்டை கிழிந்து தோல் உரிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து எழுந்தவன். பேருந்தையோ காவலரையோ பார்க்கவில்லை. வளைவிலிருந்து நிமிர்ந்து, பல்லைக் கடித்து, எழுந்து நின்று மிதித்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு வேன். அதன் முதுகில் இரண்டு கயிறு போட்டுக் கட்டிய நிஜமான துடைப்பம்.

லாரிக்காரன் நின்ற இடத்திலேயே நின்றான். "அடப்பாவி" என்று மட்டும் சொன்னான், யாரைச் சொன்னானோ. காவலர் துடைப்பத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். எழுதியதை அடிக்கவில்லை. அத்தை டப்பாவைத் திறந்து சாவியை எடுத்தாள். அதில் ஒட்டிய பருக்கையைத் துடைத்துவிட்டு இன்ஜினைப் போட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த ஆள் நேரக் கெடுவை ஐம்பது விநாடியில் தவறவிட்டான். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பந்தயம் நடத்தியவர்கள் யாரும் எங்கள் அத்தையைப் பற்றிக் கேள்விப்படவில்லை. காவல்துறையிலிருந்து மட்டும் டிப்போவுக்கு ஒரு கடிதம் வந்தது: ஓட்டுநர் காவலரின் சைகைக்குக் கீழ்ப்படியவில்லை. சாலையைத் தவறாகத் திறந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

விசாரணை டிப்போ மாடியில், கூட்ட அறையில் நடந்தது. மேலாளர், தொழிற்சங்கத்துக்காரர், கன்ட்ரோலர். மேசைமேல் தயாராக அடித்து வைத்த மன்னிப்புக் கடிதம். பந்தயம் பார்ப்பதற்காக டூட்டி மாற்றியதற்கும், சைகையை மீறி வண்டியை நிறுத்தியதற்கும் வருந்துகிறேன்; இனி நடக்காது. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்று மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார்.

"சார், இதை ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க," என்றாள் அத்தை.

"எதை?"

"பந்தயம் பார்க்கத்தான் டூட்டியை மாத்தினேன். அது தப்பு, அதுக்கு இப்பவே எழுதித் தரேன். வண்டிய நிறுத்தினது தப்பில்ல. அதுக்கு எழுத மாட்டேன். இனி நடக்காதுன்னு வேற போட்டிருக்கீங்க. நடக்கும் சார். மறுபடி மேல ஒருத்தன் இருந்தா மறுபடி நிறுத்துவேன்."

கன்ட்ரோலருக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. இதுல பந்தயம் எங்க முடியுதுன்னு நீங்க போலீஸுக்குப் பாடம் எடுக்கறீங்க!"

"உங்களுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. பதினோரு வருஷமா எங்களை ஓட்டலையா சார்?"

தொழிற்சங்கத்துக்காரர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். கன்ட்ரோலர் விடவில்லை. "சரி, என்ன ஆச்சு? அவன்தான் கெடுவைத் தவறவிட்டு வெளியே போயிட்டானே. யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"கெடுவைத் தவறவிட்டு வெளியே போக அவனுக்கு உரிமை இருக்கு. என் பஸ் கண்ணாடியில மோதி வெளியே போகணும்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்."

காட்டவில்லை. கடிதத்தைப் பிரிக்கவும் இல்லை. ஏனென்றால் காவல்துறைக்கு அனுப்ப வேண்டியது வண்டியை நிறுத்தியதற்கு வருந்தும் அந்த இரண்டாவது பாதிதான். வழித்தடம் பிரிக்கும் நாள்வரை மூன்று வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரமும் நான் தினம் போன் செய்தேன். இங்கே நான் வேலை பார்க்கும் இடத்தில் கையெழுத்துப் போடாத காகிதமே கிடையாது. படித்துப் பார்க்காமல்கூடப் போட்டிருக்கிறேன். "ஒரு கையெழுத்துதானே அத்தை. காகிதம்தானே. நீங்க சரின்னு உங்களுக்குத் தெரியும், போதாதா?" என்றேன்.

"நாளைக்கு வேற ஒரு புள்ளை அந்தப் பாலத்தடியில நிக்கும். கன்ட்ரோலர் இந்தக் காகிதத்தைக் காட்டி, 'அவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தாங்க, நீ எடு'ம்பாரு. அந்தப் புள்ளை எடுத்துரும். உன்னை மாதிரி." பிறகு, "கோவிச்சுக்காத. உனக்குப் பயம் ஜாஸ்தி, சின்ன வயசுலேருந்தே," என்றாள்.

மாமாவைக் கூப்பிடச் சொன்னேன். அவராவது சொல்வார் என்று ஒரு நப்பாசை. மாமா வாயில் ஆணியோடு பேசினார். "நான் என்னப்பா சொல்றது. விடியக் காலை அலாரம் வைக்கறதா இருந்தா அவ காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி வைக்கச் சொல்லியிருக்கேன்."

வழித்தடம் பிரிக்கும் நாளில் அத்தையின் பெயர் பட்டியலில் அறுபத்தெட்டாவது, அதாவது கடைசி. மற்ற அறுபத்தேழு பேரும் எடுத்து முடிக்கும்வரை சுவரோரம் கைகட்டி நின்றாள். சிலர் அவளைப் பார்க்காமல் எடுத்தார்கள். ஒன்பதாம் வழித்தடத்தை எடுத்தவன், "அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றான். "எடுடா. அது என்ன என் சொத்தா? வளைவுல மட்டும் ஹாரன் அடிச்சு ஏறு," என்றாள்.

கடைசியில் சுவரில் ஒரு சீட்டுதான் தொங்கியது. உடைந்த ஷிஃப்ட், விமான நிலையத் துப்புரவுப் பணியாளர்களுக்கான வண்டி. அத்தை அதைக் கழற்றிப் படித்தாள்.

"முதல் வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலு நாற்பது," என்றார் கன்ட்ரோலர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணும் ஆகலம்மா. நீங்க சரின்னா நான் மேலாளர்கிட்டப் பேசி மூணாவது இடத்தை இப்பவே வாங்கித் தரேன்," என்றார். உண்மையாகத்தான் சொல்லியிருப்பார். அறுபத்தேழு பேரும் கிளம்பாமல் நின்றார்கள்.

"வழித்தடப் பேரேட்டுல கையெழுத்துப் போடணுமே, பேனா இருக்கா சார்?" என்றாள் அத்தை.

அவர் பேனாவையும் அந்த மன்னிப்புக் கடிதத்தையும் சேர்த்து நீட்டினார். அத்தை பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.